நாற்பது பேருக்கு ஒரு பலகை

தரம் 6 வகுப்பொன்றில் நாற்பது பிள்ளைகள். பாடவேளையும் நாற்பது நிமிடம். முன்னால் புதிதாகப் பொருத்திய ஸ்மார்ட் போர்ட். ஒரு பிள்ளை எழும்பி வந்து, பலகையைத் தொட்டு, ஒரு பெட்டியை இழுத்து உரிய இடத்தில் விட்டுவிட்டுத் திரும்பிப் போய் இருக்க ஒரு நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் ஒரு தடவை சந்தர்ப்பம் கொடுத்தாலே பாடவேளை முடிந்துவிடும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நிமிடம் எதையோ செய்திருக்கும், முப்பத்தொன்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

கொழும்பில் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியராக இருந்தும், இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது பலகை வந்து பல மாதங்களுக்குப் பிறகுதான். பிள்ளைகள் ஆசையாகக் கை உயர்த்துவதையும் "டீச்சர், நான், நான்" என்று கதிரையை விட்டு எழும்புவதையும், படிப்பு நடக்கிறது என்பதற்கு அடையாளமாகவே அதுவரை எடுத்துக்கொண்டிருந்தேன். நடந்தது உற்சாகம். அதுவும் நல்லதுதான். ஆனால் கற்றல் வேறு.

பயிற்சிக் கையேடுகளில் இதை இடைவினை வெண்பலகை என்று எழுதுகிறார்கள். பாடசாலையில் அதிபர் முதல் காவலாளி வரை எல்லோரும் சொல்வது ஸ்மார்ட் போர்ட் என்றுதான். கையேட்டுச் சொல் வாயில் எளிதாக வராவிட்டாலும் அதற்குள் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. இடைவினை என்றால் எதற்கும் எதற்கும் இடையில் நடக்கும் வினை? விரலுக்கும் திரைக்கும் இடையிலா? பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடையிலா? பிள்ளை நேற்று வரை நம்பியிருந்த ஒன்றுக்கும் இன்று கண்முன்னால் காணும் ஒன்றுக்கும் இடையிலா? பலகையை விற்கிறவர்கள் முதலாவதைக் காட்டி விற்கிறார்கள். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கு நாங்கள் பாடமாக்கி எழுதிய கோட்பாடுகள் பெரும்பாலும் மற்ற இரண்டையும் பற்றிப் பேசுகின்றன. பலகை வந்தும் பாடம் பெரிதாக மாறாமல் இருப்பதற்கு இந்த இடைவெளிதான் காரணம் என்பது என் எண்ணம்.

பலகையின் வரலாறு நீளமானதல்ல. கனடாவின் கல்கரி நகரில் 1987இல் தொடங்கிய ஸ்மார்ட் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம் 1991இல் தன் முதல் ஸ்மார்ட் போர்டை வெளியிட்டது. அந்தப் பெயரே இன்று எந்தக் கம்பனியின் பலகைக்கும் பொதுப்பெயராகிவிட்டது. பழைய வகையில் கணினி, புரொஜெக்டர், பலகை மூன்றும் தனித்தனி. கணினித் திரையைப் புரொஜெக்டர் பலகையில் வீழ்த்தும், விரல் எங்கே படுகிறது என்பதைப் பலகை கணினிக்குச் சொல்லும். சில பலகைகளில் அழுத்தும்போது இரண்டு மெல்லிய படலங்கள் ஒன்றையொன்று தொடும். சிலவற்றுக்குத் தனிப் பேனா வேண்டும். இன்னும் சிலவற்றில் சட்டத்தின் ஓரமாக ஓடும் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர்களை விரல் மறிக்கும். புரொஜெக்டர் கொஞ்சம் அசைந்தாலும் பேனா ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று போய்விடும். திரையில் வரும் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் திரும்பச் சரிப்படுத்த வேண்டும். இப்போது வருபவை 65, 75, 86 அங்குலத் தொடுதிரைகள். பெரிய தொலைக்காட்சி போல இருக்கும், நிழல் விழாது, புரொஜெக்டர் விளக்கு மாற்றும் செலவும் இல்லை.

வகுப்பறை நிலைமையையும் சொல்ல வேண்டும். நம்முடைய வகுப்பறைகள் காற்றுக்காகக் கட்டப்பட்டவை. பாதிச் சுவர், கம்பி வலை, பெரிய யன்னல்கள். காலை ஒன்பது மணிக்குக் கிழக்குப் பக்க வெயில் நேரே பலகையில் விழுந்தால் புரொஜெக்டர் படம் வெளுத்துப்போகும். யன்னலை மூடித் திரை போட்டால் நாற்பது பிள்ளைகள் வியர்த்து ஒழுகுவார்கள். அதனால் பல இடங்களில் பலகைக்கென்று குளிரூட்டிய ஒரு தனி அறை, அதற்கு ஒரு பூட்டு, ஒரு நேரசூசி. வாரத்தில் ஒரு பாடவேளை கிடைத்தால் அதிர்ஷ்டம். அங்கே போய்ச் சேர்ந்து, இருத்தி, கணினி உயிர்பெறும் வரை காத்திருந்தால் நாற்பது நிமிடம் முப்பதாகிவிடும். பலகை பாடத்தின் ஒரு பகுதியாக இல்லாமல் ஒரு சுற்றுலாவாக மாறுவது இப்படித்தான்.

லண்டன் அனுபவத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நாம் இப்போது கேட்கும் கேள்விகளை அவர்கள் இருபது வருடங்களுக்கு முன்பே பெரும் பணம் செலவழித்துக் கேட்டுவிட்டார்கள். 2003, 2004 காலத்தில் இங்கிலாந்து அரசாங்கம் ஆரம்பப் பாடசாலைகளுக்கும், தனியொரு திட்டத்தின் கீழ் லண்டனின் இடைநிலைப் பாடசாலைகளுக்கும் இந்தப் பலகைகளை வாங்கிக் கொடுத்தது. லண்டன் திட்டத்தில் ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் என்ற மூன்று பாடங்களுக்கு முதலிடம். அதை மதிப்பிடும் பொறுப்பு லண்டன் பல்கலைக்கழகத்தின் கல்வி நிறுவகத்துக்குப் போனது. ஜெம்மா மாஸும் அவருடன் பணியாற்றியவர்களும் எழுதிய அறிக்கை 2007இல் வந்தது. பலகை வந்த முதல் வருடத்தில் பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகளில் பலகையால் வந்ததென்று சொல்லத்தக்க முன்னேற்றம் எதையும் அவர்கள் காணவில்லை. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு அவதானம். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் இருந்த வகுப்புகளில், ஒவ்வொருவராகப் பலகைக்கு வந்து போவது முழு வகுப்பின் வேகத்தையே குறைத்ததாம். என் நாற்பது நிமிடக் கணக்கை அவர்கள் வகுப்பறையில் இருந்தே பார்த்திருக்கிறார்கள்.

அதற்கு முந்திய வருடம், 2006இல், ஆரம்ப வகுப்புகளில் பலகையோடும் பலகையில்லாமலும் நடந்த பாடங்களை ஒப்பிட்ட ஒரு ஆய்வு வெளியானது. ஸ்மித், ஹார்ட்மன், ஹிக்கின்ஸ் ஆகிய மூவர் எழுதியது. பலகையுள்ள பாடங்கள் வேகமாக ஓடின. குழுவேலை குறைந்தது. ஆசிரியர் கேட்பார், ஒரு பிள்ளை விடை சொல்லும், ஆசிரியர் சரி பிழை சொல்வார் என்ற பழைய சக்கரம் பெரும்பாலும் அப்படியே சுழன்றது. இதைப் படித்தபோது இங்கிலாந்தும் கொழும்பின் கொட்டாஞ்சேனையும் எனக்குப் பக்கத்துப் பக்கத்து ஊர்களாகத் தெரிந்தன. ஒரு ஆசிரியர் ஏற்கெனவே எந்தக் கோட்பாட்டின்படி படிப்பிக்கிறாரோ, அதைத்தான் பலகை பெரிதாக்கிக் காட்டுகிறது. கரும்பலகையில் எழுதி வாசித்துக் கொப்பியில் எழுதச் சொல்லுகிறவர் கையில் அது வெளிச்சமான கரும்பலகை.

சரி, கோட்பாடுகளுக்கு வருவோம்.

பலகையோடு வரும் மென்பொருள்களில் அதிகம் இருப்பது வினாவிடை விளையாட்டு. சரியான விடையைத் தொட்டால் கைதட்டல், பிழை என்றால் ஒரு கரகர சத்தம். இதன் வேர் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் நடத்தைவாதத்தில், அதாவது செய்ததற்கு உடனே பலன் கிடைத்தால் அது பழக்கமாகும் என்ற கோட்பாட்டில் இருக்கிறது. ஸ்கின்னர் 1953இல் தன் மகளின் கணித வகுப்பைப் பார்க்கப் போனார். பிள்ளைகள் கணக்கைச் செய்துவிட்டு, சரியா பிழையா என்று தெரியாமலே காத்திருந்தார்கள். விரைவாக முடித்தவர்களும் காத்திருந்தார்கள், செய்ய முடியாதவர்களும் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பை ஒழிக்கத்தான் அவர் கற்பிக்கும் பொறி ஒன்றைச் செய்தார். பிள்ளைக்கு ஒரு பொறி, விடைக்கு உடனே பதில், ஒவ்வொருவருக்கும் அவரவர் வேகம். இப்போது நம்முடைய பலகையைப் பாருங்கள். கைதட்டல் ஒரு பிள்ளைக்கு, காத்திருப்பு முப்பத்தொன்பது பிள்ளைகளுக்கு. ஸ்கின்னரே வந்து பார்த்தாலும் இதை ஏற்றிருக்க மாட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர்கள் பியாஜேயும் வைகொட்ஸ்கியும் ஒரே ஆண்டில், 1896இல் பிறந்தவர்கள். ஒருவர் சுவிட்சர்லாந்தில், மற்றவர் ரஷ்யப் பேரரசில். பியாஜே சொன்னதைச் சுருக்கினால், பிள்ளை வெறும் பாத்திரமாக வருவதில்லை. தன் உலகத்தைப் பற்றித் தானே கட்டிய ஒரு விளக்கத்தோடு வருகிறது. புதியது அந்த விளக்கத்துக்குள் அடங்கினால் அடக்கிக்கொள்ளும், அடங்காவிட்டால் விளக்கத்தையே மாற்றியாக வேண்டும். மாற்றுவது வலிக்கும் வேலை. முதலில் "நான் நினைத்தது சரிவரவில்லையே" என்ற குழப்பம் வர வேண்டும். பலகை இங்கே உண்மையாகவே உதவும். ஒரு முக்கோணியின் உச்சியைப் பிடித்து இழுத்து, வடிவம் எவ்வளவு மாறினாலும் அகக்கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையிலிருந்து அசையாமல் நிற்பதைக் காட்டலாம். அதற்கான ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் இழுப்பதற்கு முன்னால் "இந்தக் கோணம் பெரிதானால் கூட்டுத்தொகைக்கு என்ன நடக்கும்? கொப்பியில் எழுதுங்கள்" என்று கேட்க வேண்டும். எழுதிய பிறகு இழுத்தால் நாற்பது பேருக்கும் அது சோதனை. எழுதாமல் இழுத்தால் கேளிக்கை.

வைகொட்ஸ்கியிடம் போனால் பேச்சுத்தான் மையம். பிள்ளை தனியாகச் செய்யக்கூடியது ஒரு எல்லை வரை. தெரிந்த ஒருவர் கூட இருந்தால் செய்யக்கூடியது இன்னும் கொஞ்சம் தூரம். அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நிலத்தைத்தான் அண்மை விருத்தி வலயம் என்கிறோம். அங்கே கொடுக்கும் உதவிக்குச் சாரம் கட்டுதல் என்ற உருவகம் 1976இல் வுட், புரூனர், ரோஸ் மூவரும் எழுதிய கட்டுரையோடு பரவியது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் மரக்கட்டைகளைப் பொருத்தி ஒரு கூம்பகம் கட்டுவதற்கு, ஒரு பெரியவர் எப்படி, எவ்வளவு உதவினார் என்பதை அவர்கள் பார்த்தார்கள். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு இந்த உருவகத்தை விளக்க வேண்டியதில்லை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் எந்த ஒழுங்கையிலும் ஒரு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும், சுற்றிச் சாரம் நிற்கும். கட்டடம் தானாக நின்றதும் சாரத்தைக் கழற்றிவிடுவார்கள். கழற்றுவதற்காகவே கட்டுவதுதான் சாரம்.

நம்முடைய பலகைப் பாடங்களில் சாரத்தைக் கழற்றும் கட்டம் அநேகமாக இருப்பதில்லை. முதல் ஸ்லைடில் படிமுறைகள் எல்லாம் இருக்கின்றன, கடைசி ஸ்லைடிலும் எல்லாம் இருக்கின்றன. முதல் கணக்கில் ஐந்து படிகளும் திரையில் தெரியட்டும். இரண்டாவதில் மூன்றாம் படியை மறைப்போம். மூன்றாவதில் மூன்றும் நான்கும் மறையட்டும். ஐந்தாவது கணக்கில் திரை வெறுமையாக இருக்க, பிள்ளைகள் கொப்பியில் செய்யட்டும். மறைக்கும் திரையை இழுக்கும் வசதி பல பலகைகளில் இருக்கிறது. விடையைத் திடீரென்று திறந்து காட்டி "ஆ!" என்று சொல்ல வைக்கத்தான் அதைப் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். உதவியைப் படிப்படியாகக் குறைக்கும் கருவியாக எடுத்தால் அதன் பெறுமதி பல மடங்கு.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நீல் மெர்சர், போல் வோரிக் போன்றவர்கள் செய்த வேலை. ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் சிறு குழுவாகப் பலகைக்கு முன் நின்று, ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல், தாங்களே விஞ்ஞானப் பணியொன்றைச் செய்வதை அவர்கள் பார்த்தார்கள். ஆசிரியர் தூரத்தில் இருந்தாலும், அவர் முன்கூட்டிப் பழக்கிய பேச்சு விதிகளும் பலகையில் விட்டுவைத்த குறிப்புகளும் குழுவின் நடுவில் வேலை செய்தன. "ஏன் அப்படி நினைக்கிறாய்?", "எல்லோரும் சம்மதமா?" என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்கப் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் பேனாவைப் பிடித்தவருடைய விடைதான் குழுவின் விடை.

மூன்றாவது கோட்பாட்டுக் குடும்பத்தைத்தான் நம்முடைய பலகைப் பாடங்கள் அதிகம் மீறுகின்றன. சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் சுவெலர் 1988இலிருந்து வளர்த்த அறிகைச் சுமைக் கோட்பாடு சொல்வது எளிமையானது. நாம் ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்து வேலை செய்யக்கூடியது மிகக் குறைவு. ஒரு சில விடயங்கள் மட்டுமே. அந்த இடத்தைத் தேவையில்லாதவற்றால் நிரப்பினால் தேவையானதற்கு இடமில்லை. உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் படமும் சொல்லும் ஒலியும் சேர்ந்த பல்லூடகக் கற்றலில் இதைச் சோதித்துப் பார்த்தார். மின்னல் எப்படி உண்டாகிறது என்ற விளக்கத்தோடு, மின்னல் தாக்கியவர்களைப் பற்றிய சுவையான துணுக்குகளையும் படங்களையும் சேர்த்துக் கொடுத்தால், வாசித்தவர்கள் விளக்கத்தைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். 1998இல் ஷானன் ஹார்ப் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு இது. அசையும் படத்துக்குக் குரல் விளக்கம் இருக்கும்போது, அதே வசனத்தைத் திரையிலும் எழுதிப் போட்டால் கற்றல் கூடுவதில்லை, குறைகிறது என்பதையும் அவர் குழு காட்டியது. கண் படத்தைப் பார்ப்பதா, வசனத்தை வாசிப்பதா?

பறந்து வரும் எழுத்துகள், மூலையில் ஆடும் கரடி, பின்னால் ஓடும் இசை. இரவிரவாக இருந்து இவற்றைச் செய்த ஆசிரியரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. நானும் அப்படிச் செய்தவள்தான். ஆனால் பின்னக் கூட்டலைப் படிக்கும் பிள்ளைக்கு அந்தக் கரடி ஒரு சுமை.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், தொட்டுக் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து, பலகை மூன்று வகையினருக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்பதும் உண்டு. 2008இல் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் இந்தப் பிரிவைப் பற்றிய ஆய்வுகளைக் கிளறிப் பார்த்து, அதன்படி படிப்பித்தால் நன்மை உண்டு என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். படமும் சொல்லும் சேர்ந்து வருவது எல்லோருக்குமே நல்லது. அவ்வளவுதான்.

இன்னொன்று, நேரம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க விஞ்ஞானக் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று செக்கனாக நீட்டினால் விடைகள் நீளமாயின, பேசாமல் இருந்த பிள்ளைகளும் பேசினார்கள். பலகை நம்மை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. அடுத்த பக்கம் தயாராக இருக்கிறது, ஒரு தட்டல் போதும். கரும்பலகையில் எழுதிய காலத்தில், நாம் திரும்பி நின்று எழுதும் அந்த அரை நிமிடம் பிள்ளைகளுக்கு யோசிக்கக் கிடைத்த நேரம். அதை நாம் தெரியாமலே கொடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது தெரிந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

இலங்கையில் இந்தக் கோட்பாடுகள் யாருக்கும் புதிதல்ல. மகரகமையில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் 2007இல் தரம் 6, தரம் 10 ஆகியவற்றில் தொடங்கிய தேர்ச்சிமையப் பாடத்திட்டம் ஐந்து ஈ என்ற மாதிரியை முன்வைத்தது; ஆங்கிலத்தில் E என்று தொடங்கும் ஐந்து படிகள் அவை. ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்குதல், விரிவாக்கல், மதிப்பிடல். அமெரிக்க உயிரியல் பாடத்திட்டக் குழுவொன்றில் ரொட்ஜர் பைபியும் அவருடைய சகாக்களும் 1980களில் உருவாக்கியது அது. பியாஜேயின் சாயல் அதில் தெளிவாகத் தெரியும். விளக்கம் மூன்றாவதாக வருகிறது என்பதுதான் அதன் உயிர். பிள்ளை முதலில் தேடிப் பார்க்க வேண்டும், முட்டி நிற்க வேண்டும். அப்புறம்தான் ஆசிரியர் வாயைத் திறக்க வேண்டும். பலகை வந்ததும் நாங்கள் செய்தது என்ன? முதல் இரண்டு ஈகளையும் ஒரு காணொளியாகச் சுருக்கினோம். யாரோ எங்கேயோ செய்த பரிசோதனையைப் பிள்ளைகள் பார்த்தார்கள். ஒரு மின்கலம், ஒரு மின்குமிழ், இரண்டு கம்பித் துண்டு கையில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் தாங்களே கண்டிருப்பார்கள். கையால் செய்ய முடிந்ததைக் கையாலேயே செய்ய விட வேண்டும். கையால் முடியாததற்குத்தான் பலகை. கம்பிக்குள் இலத்திரன் ஓடுவதை எந்தக் கையாலும் காட்ட முடியாது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் திட்டம் இலவசமாகத் தரும் பாவனையாக்கங்கள் அதைக் காட்டும், சில தமிழிலும் இருக்கின்றன.

தமிழில் என்று சொன்னதும் பாமினி ஞாபகம் வருகிறது. நம்முடைய ஆசிரியர்களிடம் இருக்கும் பாடக்குறிப்புகளிலும் வினாத்தாள்களிலும் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் தட்டியவை. யூஎஸ்பியில் கொண்டுபோய்ப் பலகையில் திறந்தால், அந்த எழுத்துரு அங்கே இல்லாவிட்டால், ஒரு பக்கம் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். பாமினியில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. எழுத்துரு போனால் அடியில் இருப்பது வெளியே தெரியும். பிள்ளைகள் சிரிப்பார்கள், ஐந்து நிமிடம் போய்விடும், அந்த ஆசிரியர் அடுத்த வாரம் அந்த அறைக்கு வரமாட்டார். யுனிகோடுக்கு மாற்றி வைப்பதோ, பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோவதோ சின்ன வேலைதான். அதைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் மும்மொழியிலும் பாடங்கள் இருக்கின்றன. அதற்கு அப்பால் தமிழில் பலகைக்கென்று ஆயத்தமாகக் கிடைப்பது குறைவு. ஆசிரியர்களே செய்து வட்ஸ்அப் குழுவில் பகிர்வதுதான் நடக்கிறது. அந்தப் பகிர்வில் கோப்பு வருகிறது. அதை எந்தக் கேள்வியோடு, எந்த இடத்தில் நிறுத்தி, எதற்காகக் காட்டினார்கள் என்பது வருவதில்லை.

பயிற்சியிலும் அதே குறை. எங்களுக்குக் கிடைத்தது ஒரு பின்னேரம். பலகையைக் கொண்டுவந்தவர்கள் நன்றாகவே சொல்லித் தந்தார்கள், எப்படித் திறப்பது, எப்படி நிறம் மாற்றுவது, எப்படிச் சேமிப்பது என்று. பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோட்பாட்டைக் கல்வியியல் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படித்தோம், பொத்தான்களைக் கம்பனிக்காரரிடம் படித்தோம். இரண்டையும் ஒரு பாடத்தில் பொருத்திக் காட்ட ஒருவரும் வரவில்லை. கல்வி வலயத்தின் ஆசிரிய ஆலோசகர்கள் ஒரே அலகை வெவ்வேறு பாடசாலைகளில் பலகையோடு எடுத்துக் காட்டி, பிறகு உட்கார்ந்து பேசினால் எவ்வளவோ மாறும்.

மின்சாரத்தை நம்பியிருக்க முடியாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சை பிற்போடப்பட்டது. அதே மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. கடதாசியும் இல்லை, கரண்டும் இல்லை. அப்போதும் கேள்வி கேட்க முடிந்தது, பிள்ளைகளைச் சோடி சோடியாகப் பேச விட முடிந்தது. கரண்ட் போனாலும் நிற்காத பாடத்தை முதலில் ஆயத்தம் செய்துவிட்டு, அதில் பலகை எந்த இடத்தைத் திருத்தும் என்று பார்ப்பது அன்றிலிருந்து என் வழக்கம்.

ஒரு பாடத்தை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். தரம் 6, தசமங்கள். "0.35, 0.7. எது பெரிது?" பலகையில் இவ்வளவுதான். பேசக் கூடாது, முப்பது செக்கன் யோசிக்க வேண்டும், பிறகு நெஞ்சுக்கு நேரே விரல் காட்ட வேண்டும். முதலாவது பெரிது என்றால் ஒரு விரல், இரண்டாவது என்றால் இரண்டு. நெஞ்சுக்கு நேரே வைத்தால் பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நாற்பது விடையும் ஒரே பார்வையில். ஹாவர்டில் எரிக் மசூர் 1991இலிருந்து பௌதிகவியல் வகுப்பில் வளர்த்த சகபாடிக் கற்பித்தலின் சுருங்கிய வடிவம் இது. பாதிக்கு மேல் ஒரு விரல். 35, 7ஐவிடப் பெரிதுதானே. "பூச்சியம் தசம் முப்பத்தைந்து" என்று வாசிக்கும் பழக்கமும் அதற்குத் துணை.

சரியான விடையை நான் சொல்லவில்லை. வேறு விரல் காட்டிய ஒருவரைத் தேடி அவரைச் சம்மதிக்க வைக்கச் சொன்னேன். மூன்று நிமிடம் வகுப்பு இரைந்தது. திரும்ப விரல் காட்டச் சொன்னபோது இரண்டு விரல் காட்டியவர்கள் கூடியிருந்தார்கள், ஆனால் எல்லோரும் இல்லை. அதற்குப் பிறகுதான் பலகை. பூச்சியத்திலிருந்து ஒன்று வரை ஒரு எண்கோடு, பத்துக் கூறுகள். 0.7 எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்தது. 0.35? 0.3க்கும் 0.4க்கும் நடுவை இரண்டு விரலால் விரித்தேன். அந்தச் சின்ன இடைவெளி திரை முழுக்கப் பரவி, அதற்குள் இன்னும் பத்துக் கூறுகள் எழும்பின. இதைக் கரும்பலகையில் நான் வருடக்கணக்காகக் கீறிக் காட்டியிருக்கிறேன், இப்படி ஒரு அமைதி வந்ததில்லை. கடைசி வரிசையில் இருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் நூறு சதுரக் கட்டங்கள் இரண்டு, ஒன்றில் 35 சதுரத்துக்கு நிறம், மற்றதில் 70 சதுரத்துக்கு. அப்புறம் மரக்கறிக் கடையின் டிஜிட்டல் தராசுப் படம்: ஒன்றில் 0.350, மற்றதில் 0.700. போஞ்சி எது அதிகம் என்று கேட்டபோது விரல் காட்டவே தேவையில்லை.

பலகையில் எழுதிய எல்லாவற்றையும், பிழையான விடைகளையும் சேர்த்து, அப்படியே சேமித்தேன். அடுத்த நாள் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத் திறந்து, நேற்று மனம் மாறியவர்கள் ஏன் மாறினார்கள் என்று கேட்டேன். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, இதுவரை ஒருநாளும் பலகைக்கு வராத, கை உயர்த்தாத ஒரு பிள்ளை இருந்த இடத்திலிருந்தே கேட்டது:

"டீச்சர், 0.35க்கும் 0.36க்கும் நடுவில இன்னும் இருக்குமா?"

எனக்கு விடை தெரியும். நான் சொல்லவில்லை. எண்கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு, விரிக்காமல், எல்லோரும் கொப்பியில் எழுதட்டும் என்று காத்திருந்தேன்.